இரண்டாம் கியர்

முப்பத்தொரு வருசம்
இரண்டாம் கியரைத் தாண்டாத டட்சன் எஞ்சின்.
பின்னால் பூப்போட்ட கண்ணாடிப் பெட்டி,
முன்னால் பறையோ பாண்ட் வாத்தியமோ,
நடக்கிற சனத்தின்ரை காலுக்கு ஏற்றபடி
ஊர்ந்து ஊர்ந்து
அரியாலை, சுண்டிக்குளி, கொட்டடி எண்டு
எல்லாச் சந்தியிலும் ஆருக்காகவோ காத்து நிண்டது.

"இதைப் பறக்கவைக்கவேணும்" எண்டான் ஜெறின்,
மலர்ச்சாலைக்காரன்ரை மூத்தவன்.
ரொறன்ரோவிலிருந்து மச்சான் அனுப்பின கிராங்
அவன் மடியில், துவாயில் சுத்தினபடி.
வீச்சு ஒன்பது மில்லிமீற்றர் கூட.
சுங்கக் கடுதாசியில் அதுக்குப் பேர்
நீர்ப்பம்பி உதிரிப்பாகம்.

கழற்றினால், சிலிண்டரில் தேய்மானமே இல்லை.
லோஜனா டயல் கேஜை இரண்டுதரம் விட்டுப் பார்த்தாள்,
நம்பாமல் மூண்டாம் தரமும்.
"அவசரம் தெரியாத இரும்பு."

கோர் பிளக்கைத் தட்டித் திருப்பினோம்.
கொட்டிச்சுது சுண்ணாம்பு.
எந்தெந்தச் செத்தவீட்டுக் கிணத்தில் அள்ளி
ரேடியேற்றருக்கு வார்த்த தண்ணியோ,
படைபடையாய், முட்டைக்கோது மாதிரி.
தராசில் வைச்சுப் பார்த்தோம்:
அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைய.

பிறகு சும்மா பூட்டிப் பார்த்தல்.
வளையம் போடாத பிஸ்ரன், ஒரு றொட், இரண்டு போல்ற்.
கையால் சுத்தினேன்.
முதலாவது போனது.
இரண்டாவதில்
டக்.
சோத்துக்குள் கல் கடிபட்ட மாதிரிச் சின்னச் சத்தம்.
போல்ற்றுத் தலை
சிலிண்டரின்ரை அடிவிளிம்பில் முட்டி நிண்டது.

இடம் குடுக்கவேணும். எவ்வளவு?
இந்தப் பக்கம் எண்ணெய், அந்தப் பக்கம் தண்ணி,
நடுவில் எத்தினை இரும்பு எண்டு
வார்த்தவனுக்கே நிச்சயமில்லை.
காரைநகரில் படகு கட்டுற தமையனிட்டை
தடிப்பு அளக்கிற மீற்றரை
ஒரு ஞாயிறுக்கு இரவல் கேட்டு வந்தாள் லோஜனா.
நாலு தசம் ஆறு. நாலு தசம் இரண்டு.
மூண்டாவதில்
மூண்டு தசம் ஒண்டு.
அதைச் சுத்தி அவள் சோக்கால் போட்ட வட்டம்
இரவு எனக்குக் கனவிலும் வந்தது.

கிராங் இருக்கிற இடத்தையெல்லாம் ரேப் ஒட்டி மூடிப்போட்டு
கிரைண்டர் பிடிச்சேன்.
மூச்சுக்கு ஒரு தொடுகை.
நிப்பாட்டு. மை பூசு. பூட்டு. சுத்து. டக்.
கழற்று.
திரும்பவும்.
மூண்டாவதில் நிக்கேக்கை கரண்ட் போனது.
இருட்டுக்குள் சுட்ட இரும்பின்ரை மணம்.
"நல்லதாப் போச்சு" எண்டாள்,
"இல்லாட்டி ஓட்டை போட்டிருப்பாய்."
உண்மைதான். கை பழகிவிட்டிருந்தது,
பழகின கைக்கு அவசரம் வந்திருந்தது.

கரண்ட் வந்தபிறகு அரத்தால் மெல்ல.
பின்னேரம் நாலும் சுத்தின.
சத்தமில்லை.
றொட்டுக்கும் இரும்புக்கும் நடுவில்
ஒண்டரை மில்லிமீற்றர் வெளிச்சம்.

"முடிஞ்சுதோ?" எண்டான் ஜெறின்.
இல்லை. இனி எல்லாத்தையும் கழற்றிக் கழுவவேணும்.
பிறகுதான் தொடக்கம்.

துடைக்கத் துணி கேட்டோம்.
கடையிலிருந்து ஒரு கட்டுக் கொண்டுவந்தான்,
மடிப்புக் கலையாத வெள்ளை.
எதுக்கு வாங்கி வைச்சது எண்டு ஆரும் கேட்கேல்லை.
சுடுதண்ணி, சட்டி கழுவுற சவர்க்காரம்,
எண்ணெய் போற துளையெல்லாம் போத்தல் பிரஷ்.
துணி கறுப்பாய் வந்தது.
மண்ணிறமாய் வந்தது.
சாம்பலாய், கனநேரம் சாம்பலாய்.
பதினோராம் துண்டு
வெள்ளையாய்ப் போய் வெள்ளையாய் வந்தது.
அவன் அதை எறியேல்லை,
கையில் வைச்சுப் பார்த்துக்கொண்டு நிண்டான்.

"எண்ணெய், எண்ணெய்!" லோஜனா கத்தினாள்,
பண்ணைக் கடல்காத்து, விடியமுதல் கறள் பிடிக்கும்.
அப்பத்தான் அவன்ரை போன் அடிச்சது.
நாவாந்துறையில் ஒராள்,
நாளைக்கு மூண்டு மணிக்கு எடுப்பு.
கையைக் கழுவிப்போட்டுப் போனான்.

மூடிவைக்க
மிச்சத் துணி நிறையக் கிடந்தது.
நாங்கள் பொலித்தீன் தேடினோம்.